லைன் எந்தப் பக்கம்?

எண்பதுகளில் எங்கள் கரூரில் "மாப்பிள்ளை பைனான்ஸ் பண்றாருங்க" என்றால் பெண் வீட்டார் கேட்பது இரண்டே கேள்வி. எத்தனை பங்கு? லைன் எந்தப் பக்கம்? படிப்பைப் பற்றிக் கேட்கமாட்டார்கள்; கேட்டால் இரு தரப்புக்கும் சங்கடம். லைன் என்பது வசூலுக்குப் போகிற தடம். கரூர், நாமக்கல் பையன்கள் ஆந்திராவுக்கும் கர்நாடகத்துக்கும் லைன் போய், பள்ளிக்கூடம் சொல்லித்தராத தெலுங்கையும் கன்னடத்தையும் வசூலிலேயே கற்றுக்கொண்டு வந்தார்கள். வசவில் தொடங்கும் மொழிக்கல்வி மறக்காது.

ஜவகர் பஜாரைச் சுற்றிய தெருக்களில் மாடிக்கு மாடி பைனான்ஸ் போர்டு தொங்கும். பெயரெல்லாம் சாமி பெயர். உள்ளே ஒரு மேசை, இரும்பு பீரோ, நாள்காட்டி, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு கூட்டு நிறுவனத்தில் 20 பேருக்கு மேல் சேரக்கூடாது என்பது அன்றைய சட்டம். இருபத்தோராவதாக ஒரு மச்சான் வந்து சேர்ந்தால் பக்கத்து மாடியில் வேறொரு சாமி பெயரில் போர்டு ஏறும். சாமிகளுக்கா பஞ்சம்?

அப்பா பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். பால்காரரைப் போலவே தண்டல்காரரும் எங்கள் கடைக்குத் தினசரி வருகிறவர். பத்தாயிரம் கடன் கேட்டால் ஆயிரத்து ஐநூறை எடுத்துக்கொண்டு எட்டாயிரத்து ஐநூறை எண்ணிக் கையில் வைப்பார். தினம் நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அப்பா அந்த ஆயிரத்து ஐநூறை வட்டி என்று சொன்னதே இல்லை, "பிடித்தம்" என்பார். ஏதோ சம்பளத்தில் பி.எஃப். பிடித்த மாதிரி. முறையாகக் கணக்குப் போட்டால் அந்தப் பிடித்தம் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீத வட்டி.

கடனுக்குச் சாட்சி ஒரு அட்டை. மடித்தால் சட்டைப் பையில் அடங்கும், விரித்தால் நூறு கட்டம். சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருக்கும். விபூதியும் டீக்கறையும் அதில் சமபங்கு. சாயங்காலம் டி.வி.எஸ். 50 வந்து நிற்கும். தோளில் தோல்பை, காதில் பால்பாயிண்ட் பேனா. நூறு ரூபாயை வாங்கி ஒரு கட்டத்தில் ஒரு கிறுக்கல். வியாபாரம் படுத்த நாளில் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "பரவால்லீங்கண்ணா, நாளைக்குச் சேத்து வாங்கிக்கறேனுங்க" என்பார். பிறகு காலி டம்ளரோடு பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பார். கடைக்கு வருகிறவர்கள் அவரையும் பார்ப்பார்கள், அப்பாவையும் பார்ப்பார்கள். கொங்குநாட்டு மரியாதை எவ்வளவு கூர்மையான ஆயுதம் என்று எனக்குத் தெரிந்தது அந்தப் பெஞ்சில்தான்.

கடன் வாங்கத்தான் பைனான்ஸ் என்றிருந்த ஊர், தொண்ணூறுகளில் பணம் போடவும் அங்கே போனது. சென்னையில் ஓய்வு பெற்ற என் பெரியப்பா, வங்கி கொடுக்கிற வட்டி வட்டியே அல்ல என்று முடிவு கட்டினார். 24 சதவீதம் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்தில் கிராஜுவிட்டியைப் போட்டார். குளிரூட்டிய அறை, டை கட்டிய பையன், "சார்" என்று எழுந்து நின்ற மரியாதை, டெபாசிட்டுக்கு அன்பளிப்பாக வெள்ளிக் குங்குமச் சிமிழ். ஒருநாள் ஷட்டர் இறங்கியது. 1997இல் தமிழக அரசு முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே கொண்டுவந்தது. பதிவுச் சான்றிதழ் இல்லாத கம்பெனி நிதித் தொழில் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கிச் சட்டமும் அதே ஆண்டில் இறுகியது. பெரியப்பா நீதிமன்ற வராந்தாவில் நல்ல நண்பர்களைச் சம்பாதித்தார். முதலீட்டில் மிச்சம், பெரியம்மா கையில் இருந்த சிமிழ்.

வருஷத்துக்கு 24 என்று ஆசைப்பட்ட அவரை ஊரே ஏமாளி என்றது. 2022இல் சென்னையில் பிடிபட்ட ஒரு நிறுவனம் மாதத்துக்கு 25, 30 சதவீதம் என்று சொல்லி ஆயிரக்கணக்கான கோடி வாங்கியிருந்தது. பெரியப்பாவுக்கு நியாயம் கிடைக்காவிட்டாலும், அவரை மிஞ்ச ஆள் வந்தது.

  

டீக்கடையை இப்போது தம்பி பார்க்கிறான். அவன் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு பெங்களூரில் வேலையில் இருக்கிறான். போன தீபாவளிக்கு வந்தபோது அம்மா கேட்டாள்: "என்ன வேலை சாமி?"

"பைனான்ஸ், அப்பத்தா."

அம்மா முகம் மலர்ந்தது. "அப்படியா! லைன் எந்தப் பக்கம்? ஆந்திராவா?"

பையன் பொறுமையாக விளக்கினான். சின்னக் கடைக்காரர்கள் கியூ.ஆர். ஸ்டிக்கரில் வாங்குகிற பணத்தை வைத்து அவர்களுக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்யும். கடன் போனிலேயே வந்துவிடும். பிராசஸிங் ஃபீயும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் முதலிலேயே கழிந்துவிடும். தவணையைக் கடைக்காரர் கையால் கட்டவே வேண்டாம். அன்றாட வசூலிலிருந்து தினம் ஒரு தொகை தானாகப் பிடிக்கப்படும். அதற்கு ஈ.டி.ஐ. என்று பெயர்.

"தினமுமா?"

"தினமும், அப்பத்தா."

"பிடித்தம் போக மீதிதான் கைக்கு வருமா?"

"ஆமா."

"தண்டல்னு சொல்லேன். இதுக்கா பெங்களூர் போனே?"

பையனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவனுடைய கம்பெனி ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்றது. வட்டி கந்துவட்டி அல்ல, எழுத்தில் இருக்கிறது, ஆளைப் போட்டு மிரட்டுவதில்லை. உண்மைதான். அப்பாவின் அட்டையில் வட்டி என்ற சொல்லே கிடையாது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. இந்த வித்தியாசத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தம்பி கடை ஸ்பீக்கர் "ரூபாய் பதினைந்து பெறப்பட்டது" என்று கூவும்போதெல்லாம் அதில் எத்தனை பைசா பெங்களூருக்குப் போகிறது என்று மனசு கணக்குப் போடுகிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் தண்டல்காரருக்கு ஒரு டீயாவது கொடுத்துச் சமாதானப்படுத்தலாம். கம்ப்யூட்டருக்கு டீ பிடிக்காது.

அதே பையன் 'வட்டியில்லா இ.எம்.ஐ.'யில் போன் வாங்கியிருந்தான். சுழியம் சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பில்லைப் பார்த்தேன். பிராசஸிங் ஃபீ என்று ஒரு வரி இருந்தது. அப்பாவாக இருந்தால் பிடித்தம் என்றிருப்பார்.

கொரோனா காலத்தில் முளைத்த கடன் செயலிகள் வேறு ரகம். ஐயாயிரம் கேட்டால் மூவாயிரம் வரும், ஏழாம் நாள் ஐயாயிரம் கட்ட வேண்டும். தவறினால் போனில் இருக்கிற மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் பழைய வாத்தியாருக்கும் செய்தி பறக்கும். பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர் இதற்கு மகாத்மா.

ஆகவே, அவசரத்துக்குச் செயலியில் கடன் வாங்குகிறவர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். கடனுக்கு முன் தரவேண்டிய 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்'டில் ஏ.பி.ஆர். என்ற வரியைத் தேடிப் படியுங்கள். கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி அதில்தான் இருக்கும். போனில் உள்ள எண்களைப் பார்க்க அனுமதி கேட்டால் செயலியை அப்போதே நீக்கிவிடுங்கள். கடன் செயலி அதைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது.