தேசபக்தி, 355 மில்லி

2016 கோடையில் பட்வைசர் பீர் டப்பாவில் பெயர் மாறியது. 'பட்வைசர்' இருந்த இடத்தில் 'அமெரிக்கா' என்று அச்சடித்தார்கள். அதிபர் தேர்தல் முடியும்வரை அதே கோலம்தான். அந்நாட்டுக் 'குடிமகன்' தாய்நாட்டையே குளிரவைத்துக் குடித்தான். பட்வைசரின் தாய்நிறுவனத்தின் தலைமையகம் இருப்பதோ பெல்ஜியத்தின் லூவன் நகரில்.

2008-ல் பெல்ஜியத்தின் இன்பெவ் நிறுவனம், பட்வைசரைத் தயாரித்த ஆன்ஹைசர்-புஷ்ஷை விலைக்குக் கேட்டபோது அதன் சொந்த மாநிலமான மிசௌரியே கொதித்தது. அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள். கையெழுத்து வேட்டை நடந்தது. பங்குக்கு 65 டாலர் என்றதும் நிர்வாகக் குழு நிமிர்ந்து நின்று மறுத்தது. 70 என்றதும் உட்கார்ந்து பேசியது. ஆக மொத்தம் 5,200 கோடி டாலர். அதில் மானத்தின் பங்கு, பங்குக்கு ஐந்து டாலர்.

அழுதவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். கம்பெனியை வளர்த்த அடால்ஃபஸ் புஷ் ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்தவர். 'பட்வைசர்' என்ற பெயர் இன்றைய செக் நாட்டிலுள்ள ஓர் ஊருடையது. அந்த ஊர் மதுவாலையோடு பெயருக்கான வழக்கு நூறாண்டு தாண்டியும் ஓய்ந்தபாடில்லை. விளம்பரத்தில் கம்பீரமாக வண்டியிழுக்கும் கிளைட்ஸ்டேல் குதிரைகளுக்குப் பூர்வீகம் ஸ்காட்லாந்து.

மில்லர் பீருக்கு மாறிக்கொள்ளலாமா? அதை 2002-லேயே தென்னாப்பிரிக்கர்கள் வாங்கிவிட்டார்கள். இப்போது அது பாதிக் கனடாக்காரரான மோல்சன் கூர்ஸ் வீட்டில் வாழ்கிறது.

மனதைத் தேற்றிக்கொள்ள ஒன்று மிச்சமிருக்கிறது. பட்வைசரில் சேர்க்கும் அரிசி அமெரிக்க வயல்களில் விளைவது. அரிசியும் ஆசியாவிலிருந்து போனதுதானே என்று யாரும் அவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.