மின்வண்டியில் இரட்டைக்குழல்: கம்பம் பள்ளத்தாக்கின் சுமை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். 1895இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணையைப் பற்றி எழுதினார்கள், அதைக் கட்டிய பென்னிகுயிக்கைப் பற்றி எழுதினார்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையைப் பற்றியும் எழுதினார்கள். அந்தத் திராட்சை தோட்டத்தை விட்டு ரோட்டுக்கு எப்படி வந்து சேருகிறது என்பதை மட்டும் அறிஞர் உலகம் கண்டுகொள்ளவில்லை. டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டில் வருகிறது. இந்த ஒரு வரியில் ஒரு துறையே அடங்கியிருக்கிறது.

அத்துறையில் இதுவரை யாரும் கைவைக்காத கேள்வி ஒன்றை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. களிமண் தட்டு சுடும் ஒருவர், தம் இரட்டைக்குழல் துப்பாக்கியை மின் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தேனியில் புறப்படுகிறார். கூடலூர்ப் பக்கம் ஒரு தரிசில் சுடுகளம் இருப்பதாகக் கொள்வோம். அது ஆய்வாளர் தம் வசதிக்குப் போட்ட களம், யாரும் தேடிப் போக வேண்டாம். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் தாண்டி இவர் போய்ச் சேருவாரா?

முதலில் ஆட்டத்தைத் தெரிந்துகொள்வோம். ஒலிம்பிக்கில் இதற்கு ட்ராப் என்று பெயர். சுடுபவருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பள்ளம்; அதில் 15 எந்திரங்கள். சுடுபவர் குரல் கொடுத்ததும் ஏதோ ஒன்றிலிருந்து தட்டு சீறிக்கொண்டு கிளம்பும். எந்தப் பக்கம் என்பது அவருக்குத் தெரியாது. விட்டால் 76 மீட்டர் போய் விழும். தட்டின் குறுக்களவு 11 சென்டிமீட்டர், எடை 105 கிராம். 1900இல் பாரிஸ் போட்டியில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். பிறகு நல்ல புத்தி வந்து தட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். பெயர்தான் களிமண் தட்டு, உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும். அசல் களிமண்ணைப் பறக்கவிட்ட பெருமை நம் உண்டிவில்லுக்கே உரியது: மண்ணை உருட்டிக் காயவைத்து, கதிர் கொத்த வரும் கிளியை நோக்கி விட்டவர்கள் நம்மவர்கள். அதற்கு லைசென்ஸ் கேட்டவர் யாருமில்லை.

தமிழ்நாட்டுக்கும் ட்ராப்புக்கும் தொடர்பு இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான், 2023இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அணிப் பிரிவில் தங்கம் வென்றவர்களில் ஒருவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டார். துப்பாக்கியை அவர் எதில் ஏற்றிச் சென்றார் என்பது இந்த ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இனி சுமை. துப்பாக்கி ஏறக்குறைய 4 அடி நீளம், மூன்றரை முதல் நாலு கிலோ எடை. ஒரு பெட்டிக்கு 25 தோட்டா. நூறு தட்டு எடுத்துக்கொண்டால் அது பத்தரைக் கிலோ. எல்லாம் சேர்ந்தும் ஒரு நல்ல வாழைத்தார் கனம்தான் வரும். சின்னமனூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். அவர் எக்ஸெல்லில் பின்னால் இரண்டு தார், முன்னால் இரண்டு தார், நடுவில் மனைவி என்று போகிறவர். 1980இல் ஓசூரிலிருந்து எக்ஸெல்லின் முன்னோடியான டிவிஎஸ் 50 வந்தபோது அது இரண்டு பேர் போவதற்கான வண்டி என்றுதான் சொன்னார்கள். மூன்றாவதாக வாழையும், நாலாவதாகப் புண்ணாக்கு மூட்டையும், ஐந்தாவதாக ஆட்டுக்குட்டியும் அதில் ஏறியது இந்த மண்ணின் பங்களிப்பு.

தார் கட்டும் முறையைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். முதலில் கேரியரில் வாழைச்சருகை மெத்தையாகப் போடுகிறார்கள். காய் கம்பியில் உரசினால் கறுத்துவிடும். தார்த்தண்டு வெளிப்பக்கம் இருக்கும்படி சாய்த்து, பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் கிழித்த பட்டையால் ஒரு சுற்று, கேரியர்க் கம்பிக்கு அடியில் கொடுத்து மறு சுற்று. கடைசியில் முடிச்சுப் போடுவதில்லை. முனையை இழுத்துச் செருகிவிடுவதோடு சரி. இழுத்தால் கழன்றுவிடும், குலுங்கினால் இறுகும். மண்வெட்டிக்கு வேறு முறை: இலை தொடைக்கும் சீட்டுக்கும் நடுவில், காம்பு பின்னால் வருபவரின் நெஞ்சுக்கு நேராக. நாலங்குலக் குழாய்க்கோ பின்னால் உட்காருபவரின் தோளே கேரியர். பள்ளத்தாக்கில் நீளமான பொருளுக்கெல்லாம் தீர்வு கண்டாகிவிட்டது. துப்பாக்கி ஒன்றுதான் பாக்கி.

மின் ஸ்கூட்டரில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் செய்து அனுப்பும் இந்த வண்டிகள் வழவழவென்று இருக்கின்றன. கயிறு கட்டக் கம்பி கிடையாது, டியூப் செருக இடுக்கு கிடையாது. சீட்டுக்கு அடியில் இருக்கும் டிக்கியில் ஹெல்மெட் போகும். துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறாகக் கழற்றினாலும் குழல் மட்டும் இரண்டரை அடி, போகாது. கால் வைக்கும் தளத்தில் குறுக்கே போட்டால் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு, எதிரே வரும் மாட்டின் முழங்காலை விசாரிக்கும். செங்குத்தாக நிறுத்தினால் முகவாய்க்கு நேரே வரும். அந்த நிலையை ஆய்வாளர் மேற்கொண்டு ஆராய விரும்பவில்லை. மிஞ்சியது முதுகு. உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளலாம். ஆடிக் காற்றில் அது பாயாக மாறி வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளும் என்பதைத் தவிர, பொறியியல் அளவில் குறை ஒன்றுமில்லை.

சட்டத்தைப் பார்த்தால் வேடிக்கை. 250 வாட்டுக்கு மேல் போகாத, 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத சிறு மின்வண்டிக்குப் பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். அதன் மேல் இருக்கும் துப்பாக்கிக்கோ 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். கலெக்டர் ஆபீசில் மனு, போலீஸ் விசாரணை, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல். தேர்தல் அறிவித்தால் பெரும்பாலும் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, முடிவு வந்த பிறகு போய் வாங்க வேண்டும். மேகமலைப் பக்கம் திரும்பவே கூடாது: 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் ஆயுதம் கொண்டுபோக முடியாது. வழியிலுள்ள தென்பழனி சோதனைச்சாவடியில் தட்டு, தங்கம், ஒலிம்பிக் என்று விளக்கிக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும்.

இதில் இந்த ஆய்வுக்கு மையமானது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள். பொது இடத்தில் துப்பாக்கியை மூடிய உறையில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன அவை. சரியான விதி. ஆனால் அதை எழுதியவர் வழியிலுள்ள சீலையம்பட்டியில் டீ குடித்தவராக இருக்க முடியாது. பள்ளத்தாக்கின் எழுதாத விதி நேர் எதிரானது: சுமை வெளியே தெரிய வேண்டும். தெரிகிற சுமையை யாரும் கேட்பதில்லை. மூடிய சுமையை எல்லாரும் கேட்பார்கள்.

அங்கே டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தியதும் இப்படித்தான் ஆரம்பிக்கும்.

"என்னண்ணே, நாயனமா? வீரபாண்டியில கச்சேரியா?"

"இல்லப்பா."

"அப்ப போர் மோட்டார் பைப்பா?"

"இல்ல."

"கேமரா ஸ்டாண்டுடா மாப்ள, கல்யாண வீட்டுக்காரரு" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் தீர்ப்புச் சொல்வார். நாயனம் என்றே ஒத்துக்கொண்டால் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ரேட் பேச வேண்டியிருக்கும். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி நிச்சயம்: "தோட்டத்துல பன்னி வந்து கடலைய பூராம் நோண்டுதுண்ணே. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்." அது சட்டப்படி ஜெயிலுக்குப் போகும் வழி என்று விளக்க இன்னொரு டீ சொல்ல வேண்டும்.

மின்வண்டி இந்த நிலைமையை இன்னும் கெடுக்கிறது. எக்ஸெல் ஒரு பர்லாங் முன்னாலேயே தன் வருகையை அறிவித்துவிடும். வருவது யார் என்பதை ஊர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடும். சத்தமே இல்லாமல் ஒரு வண்டி, முதுகில் மூடிய நீளமான ஒரு பை, இறங்கியவர் யாரென்று தெரியாது. மூன்றும் சேர்ந்தால் எந்த ஊரிலும் செல்போன் வெளியே வரும். சுடுபவர் கம்பத்தைத் தொடுவதற்குள் அவரைப் பற்றிய செய்தி கூடலூரைத் தொட்டிருக்கும்.

ஆகவே முடிவு: எடை தடையில்லை, நீளமும் தடையில்லை. தடை டீக்கடைதான். துப்பாக்கிக்காரர் காரிலோ வேனிலோ போவது உத்தமம்.

ஆய்வில் கிளைத்த ஒரு விண்ணப்பம் மட்டும் மிச்சம், அது ஓசூர்க்காரர்களுக்கு. ஐயா, உங்கள் மின்வண்டியில் துப்பாக்கிக்கு இடம் கேட்கவில்லை. வாழைத்தாருக்காக, டியூப் செருக நாலு கம்பி வைத்து அனுப்புங்கள். பள்ளத்தாக்கு மொத்தமும் வாங்கும்.