அடுத்த தெருவுக்கு ஒரு தனிக்குடித்தனம்

தனிக்குடித்தனம் போவது ஒன்றும் பெரிய காரியமில்லை சார். ஊரில் தினமும் யாராவது போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். எப்போது போவது என்று முடிவு செய்வதற்குள்தான் என் தலைமயிர் பாதி கொட்டிப்போனது.

ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீடு. வாடகை கிடையாது. மூன்று வேளையும் அம்மா கைச் சாப்பாடு. மாமியார் மருமகள் சண்டை உண்டா என்றால் அதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். அவர்கள் இருவரும் ஒரே கட்சி. நான்தான் எதிர்க்கட்சி, அதுவும் டெபாசிட் போன கட்சி.

என் குறை வேறு. எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆபீஸில் எனக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் எல்லோரும் எனக்கு மேலே. எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அப்பா என் ரூம் ஃபேனை நிறுத்தியிருப்பார். பேப்பர் என் கைக்கு வரும்போது சுடோகு முடிந்திருக்கும். குறுக்கெழுத்தில் அவருக்கே தெரியாத கட்டங்கள் மட்டும் எனக்கென்று விடப்பட்டிருக்கும். ராத்திரி பத்தரைக்கு மேல் வந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். தாழ்ப்பாள் போடுகிற சத்தத்திலேயே திட்டி முடித்துவிடுவார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளை முட்டி போடவைத்த கை, சும்மா இருக்குமா?

ஒருநாள் என் மனைவி போனைப் பார்த்துப் படித்தாள். பின்லாந்தில் பிள்ளைகள் சராசரியாக 21 வயதிலேயே பெற்றோர் வீட்டை விட்டுக் கிளம்பிவிடுகிறார்களாம். குரோஷியாவில் முப்பதைத் தாண்டிவிடுகிறதாம். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்க குரோஷியாவையும் தாண்டிட்டீங்க” என்றாள். அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது.

அம்மாவிடம் ஜாடையாக ஆரம்பித்தேன். “தாராளமாப் போடா, ஆடி மட்டும் கழியட்டும்” என்றாள். ஆடி கழிந்தது. ஆவணியில் சொந்தத்தில் கல்யாணம். புரட்டாசியில் குடி போகக் கூடாது. ஐப்பசியில் தீபாவளி, அதற்கு முன்னால் போனால் சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள், பின்னால் போனால் மழை என்ன செய்யும்? கார்த்திகையில் எங்கள் பக்கம் வீடு மாற்ற லாரி போதாது, படகு வேண்டும். மார்கழி பேச்சுக்கே இடமில்லை. தை நல்ல மாதம்தான். அதனாலேயே ஊரில் உள்ள அத்தனை கிரகப்பிரவேசத்துக்கும் அம்மா போயாக வேண்டும். மாசியில் பையனுக்குப் பரீட்சை நெருங்கிவிடும். பங்குனியில்தான் சிவபெருமான் மன்மதனை எரித்தாராம், ஆகவே கூடாது. மன்மதனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதை என் ஆதார் அட்டையைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், அம்மா கேட்கவில்லை. சித்திரையில் மொட்டை மாடியில் வடாம்; பிழிய மருமகள் வேண்டும், காக்காய் விரட்ட நான் வேண்டும். வைகாசியில் பள்ளிக்கூடம் திறக்கிற அமர்க்களம். ஆனி வந்தால், “இன்னும் கொஞ்ச நாள்ல ஆடி. இப்போ போய் என்னடா அவசரம்?”

இப்படியே பஞ்சாங்கம் மாறிக்கொண்டிருந்தது, நான் மாறவில்லை.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்லியே விட்டேன். எனக்குள் ஒரு காட்சி ரெடியாக இருந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், “நான் எங்கம்மா போயிடப் போறேன்?” என்று நான் தழுதழுப்பேன். அந்த வசனத்தைக் குளியலறையில் பலமுறை சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “எந்தத் தேதி?” என்றார்.

“அந்த ரூமுக்கு வெள்ளையடிக்கணும். தெற்குக் காத்து நல்லா வரும். என் புஸ்தகத்தையெல்லாம் அங்கே மாத்திடலாம்.”

அடுத்த நிமிஷம் பேப்பரும் பென்சிலும் எடுத்துவிட்டார். 2016-லிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். நான் போய்விட்டால் இரண்டு மீட்டர், இரண்டு 100. எங்கள் வீட்டு ரீடிங் 500-ஐத் தாண்டித் தாண்டிக் கட்டண விகிதமே எகிறிக்கொண்டிருந்ததற்கு என் ஏ.சி.தான் காரணம் என்பதையும் போகிற போக்கில் நிரூபித்தார். “நீ முன்னாடியே போயிருக்கலாம்” என்று கணக்கின் அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

“உங்களுக்கு வருத்தமே இல்லையாப்பா?”

“விசு எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ பாத்திருக்கியோ? 1986. வீட்டுக்கு நடுவுல கோடு போட்டு அப்பனும் பிள்ளையும் அடிச்சுக்குவாங்க. எல்லாம் சரியான பிறகும், ஒண்ணா இருக்க வேண்டாம், தனியா இருந்து அப்பப்போ பாத்துக்கலாம்னு மருமக லட்சுமி கிளம்பிடுவா. தியேட்டர்லயே உங்கம்மாகிட்டச் சொன்னேன், அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரின்னு.”

1986-ல் நான் கைக்குழந்தை. அப்போதே என் விஷயம் பேசி முடிவாகிவிட்டது.

வீடு தேட ஆரம்பித்தோம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், என் ஆபீஸுக்கு அருகில் பார்க்கலாம் என்றேன். “பையன் ஸ்கூல் விட்டு வந்தா யார் பாத்துப்பா? அத்தை வீட்டுலேர்ந்து நடக்கிற தூரத்துல இருக்கணும்” என்றாள் மனைவி. நடக்கிற தூரம் என்பது அம்மாவின் முழங்கால் நடக்கிற தூரம். ஆக, தேடல் அடுத்த தெருவோடு முடிந்தது.

முதல் மாடி, இரண்டு படுக்கையறை. வீட்டு ஓனரும் ரிடையரான ஆள். அமெரிக்காவில் இருக்கும் பையனுக்காகக் கட்டிய மாடி. பையன் டெக்சாஸில் சொந்த வீடு வாங்கிவிட்டான். எங்கள் பேட்டையில் வாடகைக்குக் கிடைக்கும் மாடிகள் பலவற்றுக்கும் இதுதான் தலபுராணம்.

பேரம் பேச அப்பா கூட வந்தார். ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். அப்பா விடவில்லை. 2017-ல் போட்ட தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்று பாடம் எடுத்தார். ஓனர் அசரவில்லை. “வேற மாதிரி ஒப்பந்தம் இருந்தால் ஒழியன்னு அதுலயே போட்டிருக்கே, அதைப் படிக்கலையா சார்?” என்றார். அப்பா முகத்தில் அப்படியொரு பிரகாசம். பல வருஷம் கழித்து வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையன் கிடைத்துவிட்டான். இருவரும் சட்டத்தில் ஆரம்பித்து, பென்ஷனுக்குப் போய், சர்க்கரை அளவில் வந்து நின்றார்கள். நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் ஒருமுறை ஓனர் என் பக்கம் கையைக் காட்டி, “இவர்தான் குடிவரப் போறவரா? வேலைக்குப் போறாரா?” என்று கேட்டார், அப்பாவிடம்.

“போறான். லேட்டா வந்தான்னா எனக்கு ஒரு போன் போடுங்க.”

ஆறு மாத அட்வான்ஸில் படிந்தது. பணத்தை அப்பாதான் கொடுத்தார். கைமாற்று என்று நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சாமான் கட்டுகிற நாள் வந்தது. அம்மா என்னைப் பரணில் ஏறச் சொன்னாள். சாக்குக்குப் பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி. திறந்தால் முழுக்க எவர்சில்வர். குக்கர் பாத்திரம், அன்னக்கூடை, இட்லித் தட்டு, ஆறு டம்ளர். டம்ளரைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியிருந்தது, கூடவே தேதி. என் கல்யாணத்துக்கு முந்தைய வருஷத்துத் தேதி.

“அப்பவே வாங்கிட்டியாம்மா?”

“ஆடித் தள்ளுபடியில வாங்கினேன்” என்றாள்.

ஆடியில் போகக் கூடாது. போகிறவனுக்குப் பாத்திரம் வாங்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். புது வீடு மேற்கேதான் இருந்தது. பரிகாரமாக அம்மா வாயில் ஒரு துண்டு வெல்லத்தைப் போட்டு அனுப்பினாள். குட்டியானை வண்டிக்காரர் பீரோ, கட்டில் எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டி, ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, “எங்க சார் போகணும்?” என்றார். கையை நீட்டிக் காட்டினேன். அவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் என்னையே பார்த்தார். “மினிமம் சார்ஜ் உண்டு சார்” என்றார், கொஞ்சம் இரக்கத்தோடு.

தெருவே வாசலில் நின்றது. மருமகள் பிரித்துக்கொண்டு போகிறாள் என்று சாயந்திரத்துக்குள் தீர்ப்பாகிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் என் அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறார். “கேட்டது நீங்க, கெட்ட பேர் எனக்கு!” என்று என் மனைவி ஒரு வாரம் பேசவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவளுக்காக நான் பரிந்து பேசுவேன். தனிக்குடித்தனம் என்றாலே நம் ஊரில் முதல் குற்றவாளி மருமகள்தான். பிள்ளை பசுவாம், கயிற்றைப் பிடித்து இழுத்தால் போய்விடுமாம். என்னை யாரும் இழுக்கவில்லை என்று தெரு முழுக்கச் சொல்லிப் பார்த்தேன். “பாவம், பொண்டாட்டியை விட்டுக்கொடுக்காத பையன்” என்றார்கள்.

புது வீட்டில் பால் காய்ச்சினோம். இனிமேல் காலைச் சமையல் என் பொறுப்பு என்று மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாள் உப்புமாவைப் பையன் பார்த்தான், என்னைப் பார்த்தான், செருப்பைப் போட்டுக்கொண்டு பாட்டி வீட்டுக்குப் போய்விட்டான். அவனைக் கூப்பிடப் போன மனைவி அங்கேயே சாப்பிட்டுவிட்டாள். அவளைக் கூப்பிடப் போன எனக்கும் அம்மா தட்டு வைத்திருந்தாள். அதற்கப்புறம் எங்கள் அடுப்பில் காபி மட்டும்தான். பரணிலிருந்து இறங்கிய பாத்திரமெல்லாம் புது வீட்டுப் பரணில் ஏறிவிட்டது.

ராத்திரி பத்தரை விஷயமாவது தீர்ந்ததா என்றால், ஓனரும் அப்பாவும் இப்போது சேர்ந்துதான் காலை நடை போகிறார்கள். கேட் திறந்த நேரம் மறுநாள் ஆறு மணிக்குள் அப்பாவுக்குப் போய்விடுகிறது.

ஒருநாள் இட்லி சாப்பிடும்போது, தனிக்குடித்தனம் எப்படிப் போகிறது என்று யாரோ கேட்டதற்கு நான் கொஞ்சம் பெருமையாகப் பதில் சொல்லப் போனேன். அப்பா குறுக்கிட்டார். வாத்தியாராக இருந்தபோது 1981, 1991, 2001 என்று மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். “சென்சஸ்ல குடும்பம்னா என்ன தெரியுமா? ஒண்ணா வாழ்ந்து ஒரே சமையலறையில சாப்பிடுறவங்க. கதவு, நிலை, மாடி எல்லாம் அப்புறம். நீ தனிக்குடித்தனம் போகலைடா. படுக்கிற இடத்தை மாத்தியிருக்கே.” அம்மா எனக்கு இன்னொரு இட்லி வைத்தாள்.

2021-ல் எடுத்திருக்க வேண்டிய அந்தக் கணக்கெடுப்பு தள்ளிப்போய் 2027-க்கு வந்திருக்கிறது. இதைப் படிப்பவர்களில் யாராவது எங்கள் தெருவுக்குக் கணக்கெடுக்க வரும் ஆசிரியராக இருந்தால் உங்களுக்கு ஒரு வேண்டுகோள். தயவுசெய்து காலை ஏழு மணிக்கு வாருங்கள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், காபி தருகிறேன், தனிக் குடும்பம் என்று எழுதிக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் வந்தால் வீடு பூட்டியிருக்கும்.