கனூவில் கேமராவின் இருக்கை: பரபக்கமும் சுபக்கமும்

பாயிரம்

பாயிரத்துக்கு எட்டு உறுப்பு என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். முதல் உறுப்பு ஆக்கியோன் பெயர். குடும்ப அமைதி கருதி அதை விட்டுவிடலாம். வழி: பில் மேசன் என்ற கனடாக்காரர் 1977-இல் அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக எடுத்த நான்கு பாடப் படங்கள். இரண்டு, கனூவில் தனியாகத் துடுப்பு வலிப்பது எப்படி என்று சொல்பவை. மற்ற இரண்டு, சோடியாக வலிப்பது பற்றியவை. அவை முதல்நூல் என்றால் இது சார்புநூல். எல்லை: ஒன்ராறியோ மாகாணத்தில் 1893-இல் உருவான அல்கோன்குயின் பூங்கா. பரப்பு 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். அதில் கனூ வழிகள் மட்டும் 2,000 கிலோமீட்டரைத் தாண்டும். ரொறொன்ரோவிலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரம்தான் என்பதால், கோடை விடுமுறையில் அங்கே ஏரிக்கரையில் தமிழ்ப் பேச்சுக் கேட்பது அபூர்வமில்லை. நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, உரைநடை. நுதலிய பொருள், உள்ளங்கையில் அடங்கும் ஆக்‌ஷன் கேமராவைக் கனூவில் எங்கே உட்காரவைப்பது என்பது. கேட்போர், ஏற்கெனவே ஒன்றை வாங்கிவிட்டவர்கள்.

எஞ்சியது பயன். அந்தப் பூங்காவில் கனூ ஏரி என்றே ஓர் ஏரி உண்டு. ஓவியர் டாம் தாம்சன் 1917 ஜூலையில் அந்த ஏரியில் கனூ ஏறிப் போனார். எட்டு நாள் கழித்து உடல் கிடைத்தது. விபத்தா, கொலையா என்று நூறாண்டு கடந்தும் புத்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. கனூவின் முனையில் ஒரு கேமரா இருந்திருந்தால் இத்தனை புத்தகங்களுக்கு இடமிருந்திராது என்பாரும் உளர். அற்றன்று. கேமரா இருந்திருந்தால், அதன் பேட்டரி எந்த நிமிடத்தில் தீர்ந்தது என்பது பற்றி மேலும் சில புத்தகங்கள் வந்திருக்கும்.

கருவி

கருவித் தேர்வைப் பற்றி எவ்வளவும் எழுதலாம்; எழுதினால் அடுத்த ஆண்டே பழசாகிவிடும். எனவே சுருக்கமாக. நிக் வுட்மன் 2002-இல் கோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார். 2004-இல் வந்த அதன் முதல் கேமரா, படச்சுருள் போட்டு எடுப்பது. 2016-இன் ஹீரோ 5 பிளாக் தனி உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கியது. 2024-இல் டிஜேஐயின் ஓஸ்மோ ஆக்‌ஷன் 5 புரோ அதை 20 மீட்டராக்கியது. வாங்குவோர் இந்த இரண்டு எண்களையும் ஒப்பிட்டு 20-தான் மேல் என்று முடிவு செய்கிறார்கள். இங்கே ஓர் ஐயம். சுமை ஏற்றிய கனூவே நீரில் ஒரு சாண்தான் அமிழ்கிறது. அதில் உட்கார்ந்திருக்கும் கேமராவுக்கு 10 மீட்டர் எதற்கு? என்னை எனின், விழுந்தால் வேண்டும் என்று விடை கூறுக. விழுந்தது 10 மீட்டருக்குப் போனால் எடுக்கப் போவார் யார்? ஒருவரும் இலர். ஆகவே 10 மீட்டர் தாங்கும் என்பதன் பொருள், நாம் கைவிட்ட பிறகும் அது அடியில் நலமாக இருக்கும் என்பதே. 20 மீட்டர் தாங்குவது இன்னும் ஆழத்தில் நலமாக இருக்கும்.

மிதக்குமா என்பதைக் கணக்காலேயே நிறுவலாம். ஹீரோ 12 பிளாக்கின் எடை 154 கிராம். அளவு 71.8, 50.8, 33.6 மில்லிமீட்டர், பெருக்கினால் 122 கன சென்டிமீட்டருக்குச் சற்று மேல். மூலைகளின் வளைவைக் கழிக்காமலே அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கால் பங்கு கூடுதலாகிறது. மூழ்கும். அதை மிதக்க வைக்கக் குறைந்தது இன்னுமொரு 32 கன சென்டிமீட்டர் காற்றோ நுரையோ வேண்டும். கடையில் ஆரஞ்சு நிற மிதவையாக விற்கிறார்கள். நிறம் முக்கியம், கறுப்பு மிதவை மிதக்கத்தான் செய்யும், அல்கோன்குயின் ஏரிகளின் தேநீர் நிறத் தண்ணீரில் கண்ணுக்குத்தான் படாது.

பரபக்கம்

சித்தாந்த நூல் மரபில் பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லி மறுக்கும் பகுதி பரபக்கம். தன் கொள்கையை நிறுவும் பகுதி சுபக்கம். சிவஞான சித்தியார் அப்படி அமைந்ததுதான். கேமராப் பொருத்தத்துக்கு இதைவிடத் தோதான முறை இல்லை. இந்தத் துறையில் நான்கு பேர் கூடினால் நான்கு கொள்கை.

முதலில் தலைவாதிகள். தலையில் பட்டி கட்டிக் கேமராவை நெற்றியில் மாட்டுவோர். யான் கண்டதை உலகமும் காண்க என்பது இவர்கள் கோட்பாடு. கனூவில் இருப்பவர் எதைக் காண்கிறார் என்று இவர்கள் ஆராயவில்லை. பின்னிருக்கைக்காரர் மடியில் விரித்த வரைபடத்தைக் காண்கிறார், முழங்காலில் உட்கார்ந்த கொசுவைக் காண்கிறார், முன்னிருந்து குரல் வந்ததும் வெடுக்கென்று நிமிர்கிறார், மறுபடியும் வரைபடம். கழுத்துத் திரும்பும்போது காட்சி இழுபடுவதை மூளை நமக்குத் தெரியாமல் அழித்துவிடுகிறது. கேமரா அழிப்பதில்லை. பார்ப்பவருக்குக் குமட்டும் என்பது இதனால் பெற்றாம். மே கடைசியிலும் ஜூனிலும் கடி ஈக்களுக்குப் பயந்து தலைவலை போட்டுக்கொண்டால், கேமரா வலைக்கு உள்ளேயா வெளியேயா என்ற கிளைப் பூசலும் எழும்.

மார்புவாதிகள் உயிர்காப்பு அங்கியின் மேல் மாட்டுவோர். துடுப்பு வலிப்பவர் ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னே குனிய வேண்டும். மார்பும் குனியும். ஆகவே இவர்களுடைய படங்களில் ஏரி பாதி, சாப்பாட்டுப் பை பாதி.

ஒட்டுவாதிகளைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் இவர்கள் கொள்கையில் நேர்மை இருக்கிறது. இருபுறமும் ஒட்டும் தடித்த பட்டை, ஒட்டினால் ஒட்டினதுதான். ஆனால் வழுவழுப்பான, சுத்தமான, ஈரமில்லாத பரப்பில் ஒட்ட வேண்டும். பிடிமானம் முழுதாக ஏற 24 மணி நேரம் விட வேண்டும். வாடகைக் கனூவைக் காலை எட்டு மணிக்கு எடுத்தவர் மறுநாள் எட்டு மணி வரை கரையிலேயே குந்தியிருக்க வேண்டியதுதான், அதற்கும் வாடகை உண்டு. படகு பாலித்தீனால் ஆனதென்றால் அத்தனை நேரம் காத்திருந்தும் சரியாகப் பிடிக்காது. கெவ்லாரால் ஆனதென்றால் நன்றாகப் பிடிக்கும். திருப்பிக் கொடுக்கும்போது வாடகைக் கடைக்காரரும் நம்மை நன்றாகப் பிடிப்பார்.

உறிஞ்சுவாதிகள் ரப்பர்க் கிண்ணத்தை அழுத்திக் காற்றை வெளியேற்றி ஒட்டுவோர். காரின் கண்ணாடியில் இவர்களுக்குத் தோல்வியே இல்லை. சொரசொரப்பும் வளைவும் உள்ள கனூவில் கிண்ணம் மெல்ல மெல்லக் காற்றை உள்ளே விடுகிறது, சத்தமே போடாமல். இவர்களுக்கு மறுப்பு வேறு வேண்டாம், ஏரி மறுத்துவிடும்.

கடைசியாகச் சர்வவாதிகள். 2024-இல் வந்த இன்ஸ்டா360 எக்ஸ்4 போன்ற, எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் விழுங்கும் கேமராவைக் கோல் நுனியில் நட்டுவைப்போர். எங்கே பார்ப்பது என்பதை வீட்டுக்குப் போய்த் தீர்மானிக்கலாம் என்பது இவர்கள் வாதம். இது கொள்கையன்று, வாய்தா. முன்னே ஒரு மணி, பின்னே ஒரு மணி, இடவலம் ஒவ்வொரு மணி என்று நவம்பர் மாத இரவுகளில் உட்கார்ந்து தேட, ஜூலையில் ஏரியைப் பார்த்ததைவிட அதிக நேரம் போகிறது.

சுபக்கம்

இவர்கள் அனைவரும் எப்படிப் பொருத்துவது என்று கேட்டார்கள். யாருக்காக என்று கேட்டாரில்லை. கேமரா எந்த இடத்தில் உட்காருகிறதோ அந்த இடம், இந்தப் பயணம் யாருடையது என்ற வழக்குக்குத் தீர்ப்பு. கல்யாண வீடியோவில் மூன்று மணி நேரம் மாலை மாற்றுவார்கள். விடிய விடிய இலை போட்ட சித்தப்பா ஒரு நொடி வருவார், அதுவும் முதுகு. கனூவிலும் இலை போடுபவர் ஒருவர் உண்டு. அவர் யார் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

சோடிக் கனூவில் இருவரும் முன்னோக்கியே உட்காருவார்கள். பின்னிருப்பவர் திசை பார்த்துத் திருப்புகிறார். முன்னிருப்பவர் வேகம் கொடுக்கிறார், தண்ணீருக்கு அடியில் கல் இருந்தால் சொல்கிறார். கேமராவைப் பின்னே வைத்து முன்னோக்கித் திருப்பினால் கிடைப்பவை ஒரு தொப்பியின் பின்புறம், ஏரி, வானம். இதைப் பின்னிருக்கைக்காரர்கள் அழகான காட்சி என்பர். முன்னிருக்கைக்காரர் இதை ஒப்புவதில்லை. அந்தத் தொப்பி அவருடையது. முனையில் வைத்துப் பின்னோக்கித் திருப்பினால் இரண்டு முகமும் கிடைக்கும்: முன்னவர் முகம் பெரிதாக, அவர் தோளுக்கு மேல் பின்னவர் முகம் சிறிதாக. திசையைத் தீர்மானிப்பவருக்கு அந்த அதிகாரமே கூலி. முகம் மற்றவருக்குப் போகட்டும். இதுவே இந்நூலின் துணிபு.

இவ்விடத்தில் ஒலியும் கிடைக்கும் என்க. பின்னே இருக்கும் கேமரா, பின்னிருக்கையில் இருக்கும் கணவரின் பெருமூச்சை மட்டும் பதிவு செய்யும். முன்னே இருப்பது உரையாடலைப் பதிவு செய்யும்.

“இடப்பக்கம் கல்லு எண்டு எத்தினை தரம் சொன்னனான்?”

“நீர் உம்முடைய இடமோ, வள்ளத்தின்ர இடமோ?”

“ரெண்டும் ஒரே பக்கம்தானப்பா!”

இதற்குப் பிறகு வரும் சத்தம், கெவ்லார் கல்லில் உரசுவது.

பொருத்தும் வகை: பெரும்பாலான கனூக்களின் முனையில், மூடுதட்டுக்குச் சற்றுப் பின்னால், தூக்குவதற்கென்று குறுக்கே ஒரு பிடி உண்டு. அதில் கிளாம்ப்பைக் கவ்வவிடுக. பக்க விளிம்பில் கவ்வவிடற்க. துடுப்பு இடிக்கும், விரல் முட்டும். கிளாம்ப்பின் மேலே மூன்று பிளாஸ்டிக் விரல், கேமராவின் அடியில் இரண்டு. கோத்துத் திருகை இறுக்க வேண்டும். கையால் இறுக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. ஒவ்வொரு வலிப்பின் அதிர்வுக்கும் திருகு மயிரிழை இளகும். படத்தைப் போட்டுப் பார்த்தால் காலையில் இரண்டு முகம். பத்து மணிக்கு இரண்டு மோவாய். பதினொன்றுக்கு உயிர்காப்பு அங்கியின் கொக்கி. மதியத்துக்கு மேல் படகின் அடியில் தேங்கிய தண்ணீரும் அதில் மிதக்கும் ஒரு பைன் ஊசி இலையும். இருமருங்கும் அழகிய கரை போய்க்கொண்டிருந்திருக்கும். கேமரா தலைகுனிந்து அந்த ஊசி இலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கும். திருகுக்குச் சிறு சாவி உண்டு. அதை வீட்டில் வைத்துவிட்டு வருவது வழக்கம்.

முன்பக்கத் திரை உள்ள கேமராவே இதற்கு ஏற்றது. ஓஸ்மோ ஆக்‌ஷன் 2019-இலும் ஹீரோ 9 பிளாக் 2020-இலும் அதைக் கொண்டுவந்தன. படம் சரியாக அமைந்திருக்கிறதா என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். கேடும் உண்டு: கல் பார்க்க வேண்டியவர் திரையில் தன்னைப் பார்த்துக்கொண்டு வருவார். ஆகவே அமைத்தபின் திரையை அணைத்துவிடுக.

இனி ஆட்டம் நீக்கல் என்னும் நுட்பம். உள்ளே இருக்கும் சுழல் உணரி கேமரா சாய்வதைக் கண்டுபிடித்துப் படத்தை எதிர்ப்புறம் சாய்க்கிறது. அதை முடுக்கிவிட்டால் ஏரி அசையாமல் நிற்க, கனூ ஆடும். நிறுத்திவிட்டால் கனூ அசையாமல் நிற்க, கரையும் மரங்களும் ஆடும். மெய்யாக ஆடுவது படகா உலகமா என்று கலிலியோ காலத்து வினா. பின்னிருப்பவர் தன் நிதானத்தை மெய்ப்பிக்க விரும்பினால் இரண்டாவதைத் தேர்வு செய்யலாம்.

அகன்ற கோணமும் ஏமாற்றும். இந்த வில்லைகள் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் வில்லைக்கு ஈடானவை. அருகிலிருப்பதை ஊதும், தொலைவிலுள்ளதை ஒடுக்கும். பூங்காவின் பெட்டவாவா ஆற்றுப் பாய்ச்சலில் வயிற்றைக் கலக்கிய அலை, திரையில் முழங்கையைவிடச் சிறிதாகப் படுத்துவிடும். உறவினர் வந்து பார்த்து, “தண்ணி அமைதியாத்தானே கிடக்கு” என்பர். எதிர்வாதம் செய்யாமல் தேநீர் கொடுத்து அனுப்பவும்.

பெருஞ்சிக்கல் துளிதான். முன்னிருப்பவர் வலப்பக்கம் வலித்துக் களைத்து இடப்பக்கம் மாறும்போது துடுப்பைக் குறுக்கே எடுத்துச் செல்கிறார். துடுப்பு கேமராவின் தலைக்கு மேலாகவே போகிறது. அலகிலிருந்து நீர் தண்டு வழியே இறங்கிச் சொட்டும். ஒரு சொட்டு வில்லையில் விழும். வில்லையே ஒரு நகத்தளவு. நடுவில் விழுந்த சொட்டு, நடுவில் சிறிதாகத் தெரியும் பின்னவர் முகத்தை முழுமையாக மறைத்து, தொப்பியும் உடலும் உள்ள ஒரு மங்கலாக அவரை ஆக்கிவிடும். காரின் கண்ணாடிக்குத் தடவும் நீர்விலக்கி இங்கே உதவாது. நீரை அது முத்தாகத் திரட்டும், உண்மை. அந்த முத்தை உருட்டித் தள்ள நெடுஞ்சாலையில் விரையும் காரின் காற்று வேண்டும். கனூ போவது மணிக்கு ஐந்து கிலோமீட்டர்.

அலைச்சறுக்கு ஆடுவோர் வேறு வழி வைத்திருக்கிறார்கள். கடலில் இறங்கும் முன் வில்லையை நாவால் நக்கிவிடுகிறார்கள். எச்சில் படர்ந்த கண்ணாடியில் நீர் திரளாது. மென்படலமாகப் பரவிவிடும், படம் தெளிவாக இருக்கும். அறிவியல் பழுதற்றது. ஆனால் செம்பை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகிய வீட்டில், யார் நக்கிய கேமராவை யார் தொடுவது என்று தொடங்கும் விவாதம் ஒரு முழு ஏரியைக் கடக்கும்வரை நீளும். அதுவும் பதிவாகும். தெளிவாக.

புறனடை

மேலே சொல்லாது விட்டவை இங்கே அடங்கும். ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் கனூவைக் கவிழ்த்து நுகத்தைத் தோளில் ஏற்றி நடக்கும்போது கேமராவைக் கழற்றிப் பையில் இடுக. மறந்தால் கிளைகள் கழற்றும். கனூவைக் கரைக்கு இழுக்கும்போது பிடிப்பதும் அதே தூக்குப்பிடியைத்தான் என்பதை நினைவிற் கொள்க. நொடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிந்தால் ஒரு மணிக்கு 45 ஜிபி. எனவே நாள் முழுதும் ஓடவிடற்க. மூஸ் மான் நாணல் ஓரம் வந்து நிற்பது பேட்டரி மாற்றும்போதுதான். இதற்குப் பரிகாரம் இல்லை, எந்த நூலிலும்.

கட்டுக்கயிறு ஒன்று கட்டாயம். அதைக் கிளாம்ப்பில் கட்டற்க. கிளாம்ப் கழன்றால் கேமரா, கிளாம்ப், கயிறு மூன்றும் ஒன்றாகவே போகும். தூக்குப்பிடியில் கட்டுக. தூக்குப்பிடியும் கழன்று போயிற்றென்றால் கேமராவைத் தேட வேண்டாம்; கரை எந்தப் பக்கம் என்று பார்க்கவும்.