எலிக் கணக்கு

தாத்தா 2018இல், தொண்ணூற்றைந்து வயதில் போய்ச் சேர்ந்தபோது, விருதுநகரில் எங்கள் தெருவின் சுவர் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போஸ்டர் ஒட்டினார்கள். 'சரித்திரம் சாய்ந்தது' என்று ஒன்று. 'தியாகச் செம்மல்' என்று இன்னொன்று. படிக்கத் தெரியாத பாட்டி என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தியாகமா? இவுகளா?" என்றாள். கல்யாணச் சாவு வீட்டில் கொட்டுச் சத்தத்தை மீறி எழுந்த முதல் சிரிப்பு அதுதான்.

ஆகவே சரித்திரத்தைக் கொஞ்சம் சரி பார்த்துவிடலாம்.

தாத்தா பிறந்த 1923இல்தான் விருதுபட்டி, விருதுநகர் ஆனது. தான் பிறந்த சந்தோஷத்தில்தான் ஊர்க்காரர்கள் பேரை மாற்றினார்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தார். நான் ஏழாம் வகுப்பு வரை நம்பினேன். அதற்கப்புறமும் அவர் விலாசம் மாறிக்கொண்டேதான் இருந்தது. மதராஸ் மாகாணம், மதராஸ் ஸ்டேட், தமிழ்நாடு; ராமநாதபுரம் மாவட்டம், 1985இல் காமராஜர் மாவட்டம், 1997இல் விருதுநகர் மாவட்டம். ஆள் மட்டும் அதே திண்ணையில் அதே தூணில் சாய்ந்திருந்தார். தூணில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு தலை அளவுக்கு இன்னும் இருக்கிறது.

'தியாகச் செம்மல்' வந்த வழி இது. 1942இல் ஊரே கொந்தளித்துக் கிடந்தபோது பத்தொன்பது வயதுத் தாத்தா மூன்று நாள் காணாமல் போனார். தலைமறைவு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். போனது மதுரைக்கு. பி.யு. சின்னப்பாவின் 'கண்ணகி'யை இரண்டு தடவை பார்த்துவிட்டு, கையில் காசு தீர்ந்ததும் திரும்பிவிட்டார். யாராவது கேட்டால் 'உம்' என்பார். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் தியாகி பென்ஷனுக்கு எழுதிப் போடுங்கள் என்று நாலு பேர் சொன்னபோது மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்தார். வாயால் சொல்லும் பொய் வேறு, கையெழுத்துப் போட்டுச் சொல்லும் பொய் வேறு. கணக்குப்பிள்ளையின் தர்மம் அது.

ஐம்பது வருஷம் வத்தல் மண்டியில் கணக்கு எழுதினார். வத்தல் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மூக்குக்குள் தீ வைத்த மாதிரி இருக்கும். தாத்தாவுக்குத் தும்மல் நிரந்தரம். மூன்றாய்த்தான் வரும்: முதல் இரண்டு சின்னது, மூன்றாவதில் பக்கத்து வீட்டுத் தொட்டில் ஆடும். 1947 ஆனியில் அருப்புக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனவர், வாசற்படியில் கால் வைத்ததும் மூன்றையும் போட்டுவிட்டார். "சகுனம் நல்லால்லையே" என்று பெண்ணின் அப்பத்தா எழுந்துவிட்டாளாம். கூடப்போன தரகர்தான் சமாளித்தார்: "ஆத்தா, மாப்ளைக்கு வத்தல் மண்டி. அவுக தும்மாட்டித்தான் வியாபாரம் படுத்துருச்சுன்னு அர்த்தம்."

அந்த வருஷம் ஆகஸ்ட் 15, ஆடி மாதம். கல்யாணம் ஆவணியில். ஆடியில் நாடு வாங்கியதை ஆவணியில் தான் இழந்ததாகத் தாத்தா எழுபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பாட்டி, "வாங்குனதுலயும் இவுக பங்கு ஒண்ணுமில்ல" என்று முடித்துவைப்பாள்.

1956இல் சங்கரலிங்கனார் எங்கள் ஊர் தேசபந்து மைதானத்தில் உண்ணாவிரதம் இருந்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வை என்பது அவருடைய கோரிக்கைகளில் ஒன்று. எழுபத்தாறு நாள் கிடந்து உயிரையே விட்டார். அவரைப் பற்றி விளையாட்டாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, தாத்தாவும் சொன்னதில்லை. மண்டி முடிந்து அந்த வழியாகப் போய் நின்று பார்த்துவிட்டு வரும் நாளில் ராத்திரி சோறு வேண்டாம் என்பாராம். பாட்டி மட்டும் சட்டையை மோந்து பார்த்து, உளுந்தவடை என்று தீர்ப்புச் சொல்வாளாம். 1969இல் அந்தப் பெயர் நடைமுறைக்கு வந்தபோது மண்டியில் 'மதராஸ் ஸ்டேட்' என்று அச்சடித்த பில் புத்தகம் ஒரு அலமாரி நிறையக் கிடந்தது. முதலாளி தூக்கிப் போடுகிற ஆளில்லை. அலமாரி தீரும்வரை ஒவ்வொரு தாளிலும் அடித்து அடித்துத் தமிழ்நாடு என்று எழுதியது தாத்தாதான். தமிழ்நாட்டை இத்தனை தடவை கைப்பட எழுதியவர் வேறு யாரும் இருக்க மாட்டார் என்பது என் அபிப்பிராயம்.

நயா பைசா கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1957 ஏப்ரலில் ரூபாய்க்கு நூறு பைசா என்றார்கள். அதுவரை பதினாறு அணா. அப்படியானால் ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு எங்கே போவது? சர்க்கார் ஒரு பட்டியல் போட்டது: ஒரு அணாவுக்கு 6, இரண்டுக்கு 12, மூன்றுக்கு 19, நாலுக்கு 25. ஊரே தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது தாத்தா மட்டும் பட்டியலில் ஓட்டையைக் கண்டுபிடித்தார். மூன்று அணாச் சாமானை ஒரே தடவையில் வாங்கினால் 19 பைசா. ஒவ்வொரு அணாவாக மூன்று தடவை வாங்கினால் 18. அப்போது என் அப்பாவுக்கு எட்டு வயது. புளிக்கு ஒரு நடை, கடுகுக்கு ஒரு நடை, சீரகத்துக்கு ஒரு நடை என்று வெறுங்காலோடு ஓடினார். நாலாம் நாள் கடைக்காரர் கூப்பிட்டு, "ஏலே, அந்த ஒரு பைசாவ நானே தாரேன்னு ஒங்கப்பாட்டச் சொல்லு. ஒன்னப் பாத்தா எனக்குக் காலு வலிக்குது" என்று கை நிறையப் பொரிகடலை கொடுத்தாராம். லாபத்தை அப்பா வழியிலேயே தின்றுவிட்டார்.

இவ்வளவு கஞ்சனுக்கா அத்தனை போஸ்டர் என்று கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தெருப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பியவர் அவர். எந்தத் தாய்க்கும் தேதி ஞாபகம் இருக்காது. 'பெருமழை பேஞ்ச வருசம்' என்பார்கள். தாத்தா எல்லோருக்கும் ஜூன் 1 என்று போட்டு, வயதிலும் ஒன்றைக் குறைத்துவிடுவார். அவர்களில் பாதிப் பேர் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போனார்கள். கூட ஒரு வருஷம் சம்பளம் வாங்கிவிட்டு, கோஷ்டி கோஷ்டியாக மே 31இல் ஓய்வு பெற்று, மாலையோடு நேரே எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். சுவரை மறைத்தவர்கள் அவர்களே.

1967இல் காமராஜர் சொந்த ஊரிலேயே தோற்றார். மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம், 1,285 ஓட்டில். எதிர்த்து ஓட்டுப் போட்டதாக ஒப்புக்கொண்ட ஒருவரையும் இன்றுவரை நான் விருதுநகரில் பார்த்ததில்லை. தாத்தா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை, துரோகிகள் துரோகிகள் என்று திண்ணையில் புலம்பினார். பாட்டி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னாள்: "ரூவாய்க்கு மூணு படின்னாங்க. அரிசி வாங்குறது நானா, ஒங்க தாத்தாவா?" கடைசியில் ஒரு படியாகச் சுருங்கி, அதுவும் முதலில் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும்தான் கிடைத்தது. அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் உண்டு.

பெரிய நோட்டுச் செல்லாமல் போனதைத் தாத்தா மூன்று தடவை பார்த்திருக்கிறார். 1946இலும் 1978இலும் ஆயிரம் ரூபாய் நோட்டுச் செல்லாது என்றபோது, அப்படி ஒன்றை வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பதால் நிம்மதியாகத் தூங்கினார். 2016இல் தப்ப முடியவில்லை. ராத்திரி டிவியில் செய்தி முடிவதற்குள் பாட்டி அடுப்படிக்குப் போய் வத்தல் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடியில் காகிதம் சுற்றி முப்பத்தைந்து ஐநூறு ரூபாய் நோட்டு. சிறுவாட்டுப் பணம். அத்தனையும் தாத்தாவின் சட்டைப்பையில் சில்லறையாய்ப் பிறந்து, எங்கள் கையால் நோட்டாக மாறியது. பேங்கில் அந்தக் கட்டை எண்ண ஆரம்பித்த தம்பி பத்தாவது நோட்டில் தும்மினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த தாத்தா, மண்டி ஞாபகம் வந்ததோ என்னவோ, சந்தோஷமாகச் சிரித்தார்.

அப்போதும் அவர் பாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரான் கணக்கில் தம்பிடி பிசகாதவர், தன் பை ஓட்டையை எழுபது வருஷம் கவனிக்கவில்லையே என்று நாங்கள் பேசிச் சிரித்தோம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது வீட்டுச் செலவு நோட்டுகள் வருஷவாரியாகக் கிடைத்தன. பால், பேப்பர், மண்ணெண்ணெய், சவரம். நடுநடுவே 'எலி'. எலி 0.50. எலி 1.00. எலி 2.00. பக்கத்துக்குப் பக்கம் எலி. எல்லோரும் பாட்டியைத் திரும்பிப் பார்த்தோம். வெட்கத்தில் அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தெரிஞ்சேதான் இருந்திருக்காக" என்று அத்தை அழ ஆரம்பித்தாள்.

நான் சும்மா இருக்காமல் ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தேன். 1983 மே. எலி பதினோரு தடவை. மொத்தம் 22 ரூபாய்.

பாட்டியின் முதுகு நிமிர்ந்தது.

"எந்த மாசம்?"

"மே, பாட்டி."

"அந்த மாசம் பூரா நான் இவ மூணாவது பிரசவத்துக்கு மதுரைல கெடந்தேனே" என்று அத்தையைக் காட்டினாள். அப்புறம் மாலை போட்ட படத்தை நேருக்கு நேராகப் பார்த்துக் கேட்டாள்: "அப்ப அந்த எலி யாரு?"