வீணைக்கும் ஒரு போர்டிங் பாஸ்

இந்த முறை காஞ்சிபுரத்துக் கடிதங்கள் அதிகம். கேட்பவர்கள் பலர், கவலை ஒன்றுதான்: வாத்தியத்தோடு விமானம் ஏறுவது எப்படி? சங்கீத மேதை நயினாப் பிள்ளையின் ஊர் கேட்கிறது. பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

வீணை ஆசிரியை, சின்ன காஞ்சிபுரம்
கேள்வி: அமெரிக்காவில் பேத்திக்கு என் வீணையைக் கொண்டுபோகிறேன். தடித்த உறை தைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது அம்மா. உறை, பாட்டு வகுப்புக்குப் போய்வர. விமானத்துக்குப் பெட்டிதான். ஃபைபர் பெட்டி, உள்ளே வீணையின் உருவத்துக்கே வெட்டிய கெட்டியான ஃபோம். சுரைக்குடுக்கையைக் கழற்றித் தனியாகப் பொதியுங்கள். ஒட்டு வீணை என்றால் தண்டியும் குடமும் சேரும் இடம் பலவீனமானது. அதன் அடியில் தாங்கல் இல்லாமல் தண்டி அந்தரத்தில் நிற்கக் கூடாது. யாளி முகத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே நான்கு விரல் கனத்துக்குப் பஞ்சு மெத்தை இருக்கட்டும். மூடியபின் இருவராகப் பெட்டியைத் தூக்கி லேசாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே எதுவும் நகரும் சத்தம் கேட்டால் பொதிவது இன்னும் முடியவில்லை என்று பொருள்.

கல்லூரி மாணவர், பெரிய காஞ்சிபுரம்
கேள்வி: விமானத்தின் அடியில் காற்றழுத்தம் இல்லாமல் வாத்தியம் வெடித்துவிடும் என்கிறார்களே?

பதில்: வெடிக்காது. பயணிகளின் பைகள் போகும் அறையிலும் நீங்கள் உட்காரும் இடத்தில் உள்ள அதே அழுத்தம்தான். வாத்தியத்தைக் கெடுப்பவை மூன்று: தூக்கிப்போடும் கை, வறண்ட காற்று, வெயில்.

மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வீணையின் 24 மெட்டுகளும் நிற்பது தேன்மெழுகும் கரியும் கலந்த கலவையின் மேல். தேன்மெழுகு உருக 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். இளகுவதற்கு அவ்வளவு வேண்டாம். சித்திரை வெயிலில், காஞ்சியிலிருந்து மீனம்பாக்கம் வரை கார் டிக்கியில் வீணையைப் படுக்க வைத்தால், விமானத்தைப் பார்ப்பதற்கு முன்பே மெட்டுகள் நகர்ந்துவிடும். பிறகு மெட்டுகளை மறுபடி மெழுகில் பொருத்தி மேளம் கட்டத் தெரிந்தவரை அமெரிக்காவில் தேடி அலைய வேண்டும். பின் இருக்கையில், ஏ.சி. காற்றில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் பத்து நிமிடம்கூட விட்டுவைக்காதீர்கள்.

பட்டு நெசவாளர், பிள்ளையார்பாளையம்
கேள்வி: வீட்டில் பழைய பட்டுப் புடவைகள் இருக்கின்றன. வீணையைச் சுற்றி அனுப்பலாமா?

பதில்: பட்டு சரி, ஜரிகை கூடாது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஜரிகை உலோகம். பல மணி நேரக் குலுக்கலில் பாலிஷைக் கீறிவிடும். பார்டரையும் முந்தானையையும் வெட்டி எடுத்துவிட்டு உடலை மட்டும் பயன்படுத்துங்கள். அதைவிட நல்லது, பலமுறை துவைத்து மெத்தென்று ஆன பருத்தி வேட்டி. குடத்தின் மேற்பலகை மேல் ஒரு மடிப்பு, தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் நடுவே ஒரு மடிப்பு.

வயலின் மாணவி, ஓரிக்கை
கேள்வி: தந்திகளை முழுக்கத் தளர்த்திவிட வேண்டுமா?

பதில்: முழுக்க வேண்டாம். வயலினுக்குள் இருக்கும் சின்ன மரத்தூண் தந்தியின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. எல்லாத் தந்தியையும் அவிழ்த்தால் சாய்ந்துவிடும். அரை சுருதியோ ஒரு சுருதியோ இறக்கினால் போதும். குதிரையின் இருபக்கமும் துணி வையுங்கள். வில்லின் மயிரை மட்டும் நன்றாகத் தளர்த்திவிடுங்கள். வீணைக்கும் இதே கணக்கு. குதிரையைப் பிடித்து வைத்திருப்பது தந்திகள்தான்.

அவருடைய தந்தை
கேள்வி: வயலினைக் கையோடு உள்ளே கொண்டுபோக விடுவார்களா?

பதில்: உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புக்குக் கைப்பை 7 கிலோ, நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ. வயலின் பெட்டி எடையில் தப்பும், நீளத்தில் மாட்டும். அதனால் டிக்கெட் எடுத்த அன்றே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கவுன்டரில் வாய்ச்சொல்லைவிட ஒரு தாள் வலியது.

அமெரிக்காவில் 2015 முதல் விதியே இருக்கிறது. ஏறும் நேரத்தில் மேல்தட்டில் இடம் இருந்தால் வயலின், கிதார் போன்ற சிறு வாத்தியங்களை அனுமதித்தே ஆக வேண்டும். எனவே சீக்கிரம் வரிசையில் நில்லுங்கள். பெரிய வாத்தியத்துக்குத் தனி இருக்கை வாங்கும் வசதியும் பல நிறுவனங்களில் உண்டு. நம் நாட்டுக்கும் அமெரிக்க விதி போல ஒன்று வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்கிறேன்.

கஞ்சிரா கலைஞர், செவிலிமேடு
கேள்வி: தாத்தா காலத்து உடும்புத் தோல் கஞ்சிரா. வெளிநாட்டுக்கு எடுத்துப் போகலாமா?

பதில்: கூடாது ஐயா. தாள வாத்தியங்கள் பல சூழ நயினாப் பிள்ளை பாடிய ஃபுல் பெஞ்ச் கச்சேரிக் காலம் வேறு. இன்று உடும்பு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரின வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் இருக்கிறது. சுங்கத்தில் பிடித்தால் கஞ்சிராவும் போகும், வழக்கும் வரும். ஆட்டுத் தோலோ செயற்கைத் தோலோ கட்டியதை எடுத்துப் போங்கள். தந்தமும் மான்கொம்பும் பதித்த பழைய தஞ்சாவூர் வீணை வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அவை வீட்டிலேயே இருக்கட்டும்.

மிருதங்கக் கலைஞர், முத்தியால்பேட்டை
கேள்வி: சிட்னியில் கச்சேரி. தோல் வாத்தியத்துக்குத் தொல்லை வருமா?

பதில்: மறைத்தால் வரும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மரம், விலங்குத் தோல் இரண்டையும் வருகைப் படிவத்தில் குறிப்பிட வேண்டும். உண்மையைச் சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள். தொப்பியில் ஒட்டிய ரவையைச் சுரண்டித் துடைத்து, காயவைத்துப் பொதியுங்கள். சுருதி சேர்க்கும் கல்லையும் கட்டையையும் கைப்பையில் வைக்காதீர்கள். பாதுகாப்புச் சோதனையில் அவை ஆயுதம். தவில்காரர்கள் கழியையும் அப்படியே பெரிய பெட்டியில் போடுங்கள்.

நாகஸ்வரக் கலைஞர், காஞ்சிபுரம்
கேள்வி: சீவாளியை எதில் வைப்பது?

பதில்: கைப்பையில், கெட்டியான டப்பாவில். 2013 டிசம்பரில் பூஜ்மா ரஸ்கி என்ற கலைஞரின் நாணல் புல்லாங்குழல்கள் நியூயார்க் விமான நிலையச் சோதனையில் அழிக்கப்பட்டன. பச்சை மூங்கில் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். சீவாளியும் நாணல்தான். நன்றாகக் காய்ந்ததையே எடுத்துப் போங்கள். வாத்தியத்தின் படமும் சபாவின் அழைப்புக் கடிதமும் உடன் இருக்கட்டும்.

கடம் கற்பவர், ஏகாம்பரநாதர் சந்நிதித் தெரு
கேள்வி: மண்பானையை எப்படி அனுப்புவது?

பதில்: மண் லிங்கம் எழுந்தருளியிருக்கும் ஊர்க்காரர் நீங்கள். மண்ணுக்குத் தனி மரியாதை வேண்டும் என்று அறிந்தவர். ஏகாம்பரநாதருக்கு நீரால் அபிஷேகம் கிடையாதே. கடத்துக்கும் பொது விதி உதவாது. வாய்க்குள் துணி அடைத்து, உருண்டையான ஃபோம் பெட்டியில் வைத்து, கூடியவரை மடியோடு கொண்டுபோங்கள். நெடும்பயணமானால் இரண்டு எடுத்துப் போங்கள்.

பாடகி, ஐயம்பேட்டை
கேள்வி: எலெக்ட்ரானிக் தம்புராவுக்குப் பயம் உண்டா?

பதில்: பேட்டரிக்கு உண்டு. உதிரி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டுமே. தம்புராவைச் சோதனையில் வெளியே எடுத்து வையுங்கள். போட்டுக் காட்டச் சொன்னால் ஒரு சட்ஜம் கேட்கட்டும்.

வழக்கறிஞர் குமாஸ்தா, காஞ்சிபுரம்
கேள்வி: உடைந்துபோனால் என்ன கிடைக்கும்?

பதில்: ஒழுங்காகக் கேட்டால் கிடைக்கும். 2014ல் உஸ்தாத் அம்ஜத் அலி கான் லண்டனிலிருந்து திரும்பும்போது 45 ஆண்டு பழைய சரோத் காணாமல் போனது. அவர் விடாமல் கேட்டதால் சில நாட்களில் கைக்கு வந்தது. கனடாவின் பாடகர் டேவ் கேரலுக்கு 2008ல் கிதார் உடைந்தது. கேட்டுக் கேட்டுப் பயனில்லாமல் மறு ஆண்டு அதையே பாட்டாகப் போட்டார், உலகமே கேட்டது.

நமக்கு எல்லாம் பாட்டு வேண்டாம், படிவம் போதும். பை வரும் பெல்ட் பக்கத்திலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். சேதம் இருந்தால் அங்கேயே பி.ஐ.ஆர். என்னும் படிவம் வாங்கி எழுதுங்கள், படம் எடுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில், 1999 மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வழக்கு என்றால் 2 ஆண்டுகளுக்குள். இழப்பீட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் இறுதியிலிருந்து 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு); ஏறத்தாழ 2,000 டாலர். உள்நாட்டுப் பயணத்துக்கு, 2019 பயணிகள் சாசனப்படி, 20,000 ரூபாய்தான்.

அதற்கு மேல் மதிப்புள்ள வாத்தியமா? செக்-இன் நேரத்திலேயே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டுங்கள், அல்லது தனியாகக் காப்பீடு எடுங்கள். விமான நிறுவனத்தின் பொறுப்பைக் குறைக்கும் சீட்டில் கையெழுத்துக் கேட்டால் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

விவசாயி, பரந்தூர் பக்கம்
கேள்வி: எங்கள் ஊரிலேயே விமான நிலையம் வந்தால் கலைஞர்களுக்கு வசதிதானே?

பதில்: பயண நேரம் குறையும். ஆனால் அந்தத் திட்டத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் வயலுக்காகவும் ஏரிக்காகவும் போராடுகிறார்கள். அவர்களுக்கு நியாயம் கிடைப்பது முதலில்; நம் வசதி பிறகு.

பெயர் வெளியிட விரும்பாதவர், காஞ்சிபுரம்
கேள்வி: பெட்டி வாங்கவே பணம் இல்லாத கலைஞர் என்ன செய்வார்?

பதில்: போகும் ஊரில் நல்ல வாத்தியம் இரவல் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அழைப்பவர்கள் தர வேண்டும். வெளிநாட்டுச் சபாக்களுக்கு என் வேண்டுகோள் இது. கலைஞரின் டிக்கெட்டை நீங்கள் எடுக்கிறீர்கள்; வாத்தியத்தின் பெட்டி, காப்பீடு, தேவையானால் இருக்கை, எல்லாவற்றையும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கலைஞர்களே, கையெழுத்துப் போடும் முன் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.