ஏல பேரா, பருப்பு வெந்துச்சா?

ஜெர்மனியில அந்த ஆகன் ஊர்ல படிப்புக்கு ஃபீஸே கிடையாதுன்னு உங்கப்பன் தெருத்தெருவாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான். ஒரு வருசச் செலவுக்கு 11,904 யூரோ பேங்குல பூட்டி வைக்கணும்ங்கறதை மட்டும் வயலை அடமானம் வைக்கும்போதுதான் வாயைத் தொறந்தான். அதையும் மாசம் 992ன்னு அளந்துதான் விடுவானுவளாமே! ஜெர்மனிக்காரன் புத்திக்கு ஒரு கும்பிடு. இந்த வித்தை எனக்கு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, உங்கப்பன் பாளையங்கோட்டையில படிக்கும்போது முதல் மாசமே காசு அத்தனையையும் புரோட்டாவும் சினிமாவுமாக் கரைச்சிருக்க மாட்டான்.

மார்க்கு விசயத்துல உனக்கு யோகம்தாம்ல. அங்க 1.0 வாங்கினவன் கெட்டிக்காரன், 5.0ன்னா ஃபெயிலாம். அந்தச் சட்டம் இங்க இருந்திருந்தா, உன் பத்தாங்கிளாஸ் கணக்குப் பரீட்சைக்கு ஊரைக் கூட்டி வடை போட்டிருப்பேன்.

ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் பூட்டிருதானுவன்னு புலம்புத. ஞாயித்துக்கிழமை உச்சிப்பொழுது வரைக்கும் உறங்குதவனுக்குக் கடை தொறந்தா என்ன, பூட்டினா என்ன? சாப்பிட்ட தட்டை எடுக்காத பய, காலி பாட்டிலைச் சுமந்துபோய் மெசின்ல போட்டுக் காசு வாங்குதியாமே. உங்கம்மாவால இருவது வருசமா முடியாததை 25 சென்ட் முடிச்சிட்டு!

ஜெர்மன் பேசக் கூச்சமா இருக்காம். தமிழையே தப்புந்தவறுமாத்தான எழுதின, அப்பம் எங்கல போச்சு இந்தக் கூச்சம்?

கடுகு தாளிச்சதும் புகை மணி அலறி, கட்டிடமே வாசலுக்கு ஓடி வந்துட்டுன்னு தலையைத் தொங்கப்போடுத. அட கோட்டிப்பயலே, போன வாரம்தான பக்கத்து ரூம்காரன் மூஞ்சியே தெரியாதுன்னு மூக்கை உறிஞ்சின? ஒரு கரண்டி எண்ணெயில அத்தனை பேரையும் கூட்டிட்டியே! நான் ஊர்க்கூட்டம் போட்டாக்கூட பாதிப்பேர் வரமாட்டானுவ. அப்பமே ஆளுக்கொரு கிண்ணம் சாம்பாரை நீட்டாம, கதவைச் சாத்திக்கிட்டு நாலு தமிழ்ப் பயலுவளோட செல்லைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க. அடுத்த வாட்டி சோத்தைக் கொஞ்சம் கூடவே வடி. மணி அடிக்கலேன்னா நீயே கதவைத் தட்டு.

இன்னொண்ணு. பனிக்காலத்துல நமக்கும் அங்கயும் நாலரை மணிநேரம் வித்தியாசம். உங்க ஆச்சிகிட்ட அழணும்னா, உங்க ஊர் நேரத்துக்கு மூணரைக்குள்ள அழுது முடிச்சிரு. அதுக்கு மேல அவளுக்கு சீரியலைப் பாத்து அழ வேண்டியது கெடக்கு.